ஆமென் சொல்லுமுன்

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பங்கின் கூடைப்பந்து அணி பத்து வருடமாக ஒரே அணி. ஆட்கள் மாறவில்லை. காற்சட்டைகள் மட்டும் அகன்றன.

கெப்டன் ஹியூபேட்டுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சுங்கக் கந்தோரில் கிளாக்கர். றேமண்ட் மருந்துக்கடையில் மருந்து கலக்கிறவர். யோகநாதனுக்குத் தபால் கந்தோர். சங்கிலி துறைமுகத்தில் மூட்டை ஏற்றினான், வீடு ஜிந்துப்பிட்டியில். அணியில் உயரமானவன் அவன்தான். ஐந்தாவது ஆளின் பெயர் பற்றிக். உலகச் சண்டை முடிந்த மறுவருடம் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. இனி ஓடக்கூடாது என்றார் டொக்டர்.

"ஓடினது ஆர்?" என்று பற்றிக் கேட்டார்.

அவருடைய இடத்துக்குத்தான் ராசிக் வந்தான். பத்தொன்பது வயது. மட்டக்களப்புப் பக்கம். அங்கே அமெரிக்கச் சுவாமிமாரின் பள்ளிக்கூடத்தில் விளையாடிப் பழகியவன். கொழும்பில் மாமா பதியுதீனின் புடைவைக்கடையில் துணி வெட்டினான். ஆள் கட்டை. ஹியூபேட் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"உனக்கு ஒரு வேலைதான், தம்பி. நீ கார்ட். போலைக் கொண்டுவந்து என்னட்டத் தா."

"தந்தா?"

"நான் எறிவன்."

"விழுமா?"

றேமண்டுக்கு இருமல் வந்தது. யோகநாதன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

முதல் மாதம் ராசிக் சொன்னபடி செய்தான். பந்தைக் கொண்டுவந்து கொடுத்தான். ஹியூபேட் எறிந்தார். கூடைக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தில் காகங்கள் கிளை மாறி உட்கார்ந்தன.

இரண்டாம் மாதம் அவன் கதைக்கத் தொடங்கினான்.

"கெப்டன், நீங்க ஓட வேணாம்."

"என்னடா சொல்லுறாய்?"

"போல் ஓடட்டும். அதுக்கு மூச்சு வாங்காது. நீங்க அந்த இடது மூலையில நில்லுங்க. அங்கயிருந்து எறிஞ்சா உங்களுக்கு விழுது. வேற எங்கயிருந்தும் விழல்ல."

ஹியூபேட் இடது மூலையில் போய் நின்றார். பந்து வந்தது. எறிந்தார். விழுந்தது. அவர் கூடையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். இத்தனை வருடமும் இது யாரிடம் இருந்தது என்பதுபோல.

றேமண்டுக்குக் கூடைக்கு முன்னாலுள்ள கோட்டின் நடு. யோகநாதனுக்கு வலது பக்கம், கண்ணாடி போட்டால் மட்டும். சங்கிலிக்குக் கூடையின் அடி. நான்கு பேரும் தங்கள் இடங்களில் தந்திக் கம்பங்கள்போல நின்றார்கள். ராசிக் நடுவில் ஓடினான். பந்து எப்போது யாரிடம் போகும் என்று அவனுக்குத்தான் தெரியும். அந்த வருடம் அவர்கள் ஒரு மட்ச் வென்றார்கள். பிறகு இன்னொன்று. றேமண்ட் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் காய்ச்சலைக் கேட்கமுதல் மட்ச்சைச் சொன்னார்.

அதற்குப் பிறகு ராசிக் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. கடைக்குப் புதுச் சரக்கு வந்த நாளில் அவனுக்கு விடுமுறை இல்லை. சுங்கக் கிளாக்கரும் தபால் உத்தியோகத்தரும் மருந்துக்கடைக்காரரும் சட்டைக் கையை மடித்துத் துணிக்கட்டு தூக்கினார்கள். பதியுதீன் நாற்காலியில் இருந்து பார்த்தார்.

"மருமகன், இவங்களுக்கு மட்ச் எப்பப்பா?"

"ஏன் மாமா?"

"அடுத்த கப்பல் வாற கிழமை வருது."

வீட்டிலும் அவன் பெயர் அடிபட்டது. ஒருநாள் ஹியூபேட்டின் மனைவி கொன்ஸ்ரன்ஸ் மீன் கட்லெட் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். ஹியூபேட் தட்டைத் தள்ளினார்.

"வேண்டாம். ராசிக் கூடாது எண்டவன்."

"டொக்டர் சொல்லேக்க திண்டனீங்கள்."

"டொக்டருக்கு போல் தெரியாது."

கொன்ஸ்ரன்ஸ் கட்லெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் அந்தப் பெடியனைப் பற்றி அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

அவள் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பிள்ளைகளுக்கு வலைப்பந்தும் பழக்கினாள். களம் இல்லை. கோயில் பக்கத்து ஒழுங்கையில் விளையாடினார்கள். பந்து அடிக்கடி டிராம் தண்டவாளத்துக்குப் போனது. ஒழுங்கை முனையில் டிராம்காரர்கள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் விளையாடும் களத்தைத் தரச்சொல்லி மாதம் ஒருமுறை பங்குச் சுவாமியாரிடம் போய் நின்றாள்.

"அங்கை ஆம்பிளையள் விளையாடுகினம், கொன்ஸ்ரன்ஸ்."

"ஒருக்கா வந்து பாருங்கோ, சுவாமி. நிக்கினம்."

சுவாமியார் வந்து பார்த்தார். நின்றார்கள். அவர் தாடியைத் தடவினார்.

"சரி. வெள்ளவத்தைப் பெடியங்கள் வருகினம். உங்கட மனுசன் ஆக்கள் வெண்டால் களம் அவைக்கு. தோத்தால் உங்கட பிள்ளையளுக்கு. கிழமை முழுக்க."

ஹியூபேட் இதைக் கேட்டபோது உட்கார்ந்துவிட்டார். கந்தோரில் அவரை மிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அவர் 'இஞ்சேருங்கோ'. அந்தக் களத்தில் மட்டும்தான் அவர் கெப்டன்.

"ராசிக், வெல்லுவமோ?"

"வெள்ளவத்தைக்காரருக்கு எத்தின வயசு?"

"உன்ர வயசு."

"ஓடுவாங்களா?"

"நல்லா ஓடுவாங்கள்."

"அப்ப கஷ்டம்," என்றான் ராசிக்.

அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். கிழவர்களால் அரைவாசி மட்ச் நிற்கவும் முடியும், எறியவும் முடியும். மற்ற அரைவாசியில் நிற்க மட்டும்தான் முடியும். நடுவில் அவர்களுக்கு இருந்த ஒரே ஓய்வு கோயில் மணி.

பின்னேரம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். அடித்தால் களத்தில் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்கும். கண்ணை மூடி மூன்று முறை 'அருள் நிறைந்த மரியாயே' செபம். சுவாமியார்தான் நடுவர். செபம் முடிந்த கையோடு விசில் ஊதுவது மரியாதை இல்லை என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கடைசி ஆமென்தான் விசில். ஆமென் என்றால் ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஆனால் ஆமெனுக்குப் பிறகு எல்லாரும் சிலுவை அடையாளம் போட்டார்கள். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். யோகநாதன் சைவர். பத்து வருடப் பழக்கத்தில் அவரும் போட்டார். வீட்டில் விபூதி பூசும்போதும் கை ஒருதரம் தோளுக்குப் போய்த் திரும்பும் என்று றேமண்ட் சொன்னார்.

கை சும்மா இருந்தது இரண்டு பேருக்கு. ஒருவன் ராசிக். மற்றவன் சங்கிலி.

"அண்ணே, நீங்க ஏன் சிலுவை போடுறல்ல?"

"எங்க முருகன் கோவிச்சுக்கும், தம்பி. அதுக்குக் கோவம் வந்தா மலைக்குப் போயிரும். அப்புறம் யாரு ஏறிப் போயி கூப்பிடுறது?"

"ஆறு மணி அடிக்கக்குள்ள நீங்க கூடைக்குக் கீழ நிக்கணும். ஆமென் எண்டதும் போல் வரும்."

சங்கிலி கூடையை அண்ணாந்து பார்த்தான்.

"பாவமில்லையா?"

"ஆமென் எண்டா ஆட்டம். அது சுவாமிட சட்டம்."

"அப்பச் சரி. பாவம்னா அது சாமிய சேரும்."

மட்ச் அன்றைக்கு வெள்ளவத்தை அணி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு வந்தது. கெப்டன் பெயர் ஸ்ரனிஸ்லாஸ். அவனோடு அவன் தாயும் வந்தாள். செபமாலையோடு முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மறுபக்கத்தில் கொன்ஸ்ரன்ஸ், வலைப்பந்துப் பிள்ளைகளோடு. ஹியூபேட் மனைவியைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை.

மட்ச் பிந்தித் தொடங்கியது. சங்கிலியைக் காணவில்லை. கடைசியில் வியர்வை துடைத்துக்கொண்டு வந்தான்.

"கப்பல்ல வேலை, சாமி."

அவன் வேப்பமரத்துக்குப் பின்னால்தான் இருந்தான். இருக்கச் சொன்னது ராசிக். ஆறு மணி மட்ச்சின் கடைசியில் வரவேண்டும்.

வெள்ளவத்தைக்காரர் ஓடினார்கள். கொட்டாஞ்சேனைக்காரர் நின்றார்கள். ஹியூபேட் தன் மூலையிலிருந்து போட்டார். யோகநாதன் கண்ணாடியோடு போட்டார். பிறகு கண்ணாடி வியர்வையில் மங்கிவிட்டது. றேமண்ட் தவறுதலாக எதிராளிக்கே பந்தைக் கொடுத்து, 'சொறி' என்றார். நேரம் போகப்போகக் கிழவர்களின் வாய்கள் திறந்தபடி நின்றன. ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். சில நிமிடங்கள்தான் இருந்தன.

பந்து ராசிக்கிடம் வந்தது. அவன் எறியவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தட்டிக்கொண்டு வட்டம் போட்டான். வெள்ளவத்தைக்காரர் இரண்டு பேர் துரத்தினார்கள். அவன் மூலைக்குப் போனான், நடுவுக்கு வந்தான், றேமண்டைச் சுற்றினான். றேமண்ட் அசையாமல் நல்ல தூணாக நின்றார்.

"எறியடா," என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

"அவசரமா? டிராம் போகப் போகுதா?"

"பயமோ?"

"ஓம் மச்சான். உங்கட உம்மாவப் பாத்தா பயமா இரிக்கி."

ஹியூபேட் தன் மூலையிலிருந்து கத்தினார். "டேய், இஞ்சை தா."

ராசிக் கொடுக்கவில்லை. முதல்முறையாக அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சங்கிலி நடந்து வந்து கூடைக்குக் கீழே நின்றான், பஸ்ஸுக்கு நிற்கிறவன்போல.

மணி அடித்தது.

சுவாமியார் கையை உயர்த்தினார். எல்லாரும் நின்றார்கள். ஸ்ரனிஸ்லாஸ் ராசிக்கின் முன்னால், கை விரித்தபடி வந்தவன், கையைக் குவித்துக் கண்ணை மூடினான். தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் மூடினாள். முதலாவது மந்திரம். ஹியூபேட்டின் மூச்சு மந்திரத்தைவிடச் சத்தமாக இருந்தது. இரண்டாவது. சங்கிலி முருகனைக் கும்பிட்டானோ என்னவோ, உதடு அசைந்தது. மூன்றாவது.

ராசிக் ஆமெனுக்காகத்தான் காத்திருந்தான். ஆனால் வழி அவ்வளவு திறந்திருந்தது. கை பொறுக்கவில்லை. 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடத்தில் பந்து சங்கிலிக்குப் போய்விட்டது.

ஆமென். எல்லாக் கைகளும் நெற்றிக்குப் போயின. இரும்பு வளையம் ணங்கென்றது. கண்ணைத் திறந்தபோது பந்து வளையத்துக்குள்ளால் கீழே வந்துகொண்டிருந்தது. சங்கிலியின் கைகள் இன்னும் மேலே இருந்தன.

"ஆர் போட்டது?" என்றார் சுவாமியார். அவருடைய விரல் இன்னும் வலது தோளில் இருந்தது.

"நான்தானுங்க, சாமி."

"எப்ப?"

"இப்பதானுங்க."

ஸ்ரனிஸ்லாஸ் ஓடி வந்தான். "சுவாமி, ஆமென் சொல்ல முன்னமே போல் போட்டுது."

"நீ பாத்தனியோ?"

ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறந்தான். முன் வாங்கில் செபமாலை உருளுவது நின்றது. தாய் அவனைப் பார்த்தாள். செபத்தில் கண் திறந்த பிள்ளையை அவள் பெறவில்லை.

"இல்லை, சுவாமி," என்றான். "அப்பிடி நினைச்சன்."

சுவாமியார் களத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"கண் திறந்திருந்தவை ஆராவது இருந்தால் சொல்லுங்கோ."

ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு பக்தியான கூட்டத்தை அவர் ஞாயிற்றுப் பூசையிலும் கண்டதில்லை. கொன்ஸ்ரன்ஸ் தன் சேலைக் கரையை ஆராய்ந்தாள்.

"ராசிக், நீ?"

"நான் முஸ்லிம், சுவாமி. எது ஆமென் எண்டு எனக்கு விளங்காது. எல்லாரும் கையத் தூக்கினாங்க, நான் எறிஞ்சன்."

சுவாமியார் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு புள்ளியையும் கொடுத்தார். வெள்ளவத்தைக்காரர் எடுத்த பந்தை ராசிக் பறித்தான், மிச்ச நேரத்தைத் தட்டியே முடித்தான். கொட்டாஞ்சேனை ஒரு புள்ளியால் வென்றது. ஹியூபேட் அழுதார். வியர்வை என்றார்.

மறுநாள் கொன்ஸ்ரன்ஸ் பதியுதீனின் கடைக்குப் போனாள். மாமா சாப்பிடப் போயிருந்தார்.

"நீலத் துணி காட்டும், தம்பி. பிள்ளையளுக்குப் பாவாடை."

"விளையாடவா, டீச்சர்?"

"களம் இல்லை. பாவாடையாவது இருக்கட்டும்."

ராசிக் துணியை விரித்தான். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"உங்கட பள்ளியிலை தொழுகேக்க ஆமீன் சொல்லுறவையோ?"

கத்தரிக்கோல் நின்றது.

"சொல்லுவாங்க."

"நானும் அப்பிடித்தான் கேள்விப்பட்டனான்."

ராசிக் வாசலைப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

"பாத்தீங்களா, டீச்சர்?"

"மரண நேரத்திலை போனது. பாத்தன்."

"நேத்தே சுவாமிட்ட சொல்லியிருக்கலாமே."

"எல்லாருக்கும் முன்னாலையோ? என்ர பிள்ளையள் பக்கத்திலை நிக்கேக்கையோ?" அவள் அடுத்த துணியை எடுத்தாள். "சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். செபத்திலை கண் திறந்தது பாவம். சொல்லத்தான் வேணும். ஏன் திறந்தனி எண்டு சுவாமி கேப்பார்."

"பாவசங்கீர்த்தனத்தில கேட்டத அவங்க வெளிய சொல்லக்கூடாதாமே."

"சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த மட்ச்சிலை கண்ணைத் திறந்துகொண்டு நிப்பார்."

ராசிக் அதை யோசித்தான். துணியை மடித்தான். திரும்ப விரித்தான்.

"களம் எத்தின நாள் வேணும்?"

"செவ்வாயும் வியாழனும்."

"திங்களையும் எடுங்க. ஞாயிறு விளையாடினா அவங்க திங்கள் எழும்ப மாட்டாங்க."

"இண்டைக்கே எழும்பேல்லை. முதுகுக்கு எண்ணெய் பூசிப்போட்டுத்தான் வாறன்." அவள் துணியின் கரையை மடித்துப் பார்த்தாள். "அவரிட்டக் கேக்க வேண்டாமோ?"

"ஆரிட்ட?"

"கெப்டனிட்ட."

"நான் சொல்லிக்கிறன், டீச்சர். பழகினது போதும், உடம்புக்கு ஓய்வு வேணும் எண்டு சொன்னா சந்தோசப்படுவாங்க."

"ஓம். நீர் சொன்னால் சரி."

அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இருந்தாலும் அவள் போகவில்லை. பாவாடைத் துணி வெட்டி முடியும்வரை நின்றாள். காசைக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்டு. அடுத்த மாதம் வெள்ளவத்தைக் கன்னியர்மடத்துப் பிள்ளையள் எங்களோடை விளையாட வருகினம். பின்னேரம்தான் மட்ச்."

"அதுக்கு?"

"என்னட்டை ஷபீகா எண்டு ஒரு பிள்ளை இருக்கிறா. சிலுவை போடமாட்டா."

ராசிக் கத்தரிக்கோலை மேசையில் வைத்தான்.

"எவ்வளவு உயரம்?" என்றான்.