வடிவம் சரி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. தான் பேசியதில் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். பெயர்களை மாற்றிவிட்டேன். கோபத்தை மாற்றத் தெரியவில்லை.

ஸ்கூடாயில் மழை கொட்டிய ஒரு மாலையில் பேராசிரியர் கத்தரின் —

(வேண்டாம். மழையில் தொடங்கினால் கோபம் நனைந்துவிடும்.)

கத்தரின் ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பிப்பவர். கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேல் கட்டிவிடலாம் என்று நூறாண்டுக்கு முன் சில தத்துவவாதிகள் நம்பினார்கள் அல்லவா? அந்த நம்பிக்கை எழுந்து விழுந்த வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி பிரெட்ரிக்குக்குப் பாசிர் கூடாங் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒருநாள் குழாய் வெடித்து இடக்கண் போனது. பிறகு நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வந்தது, வேலைநீக்கத்தோடு.

2

‘விதிமுறையைப் பின்பற்றினால் விபத்து நடக்காது. விபத்து நடந்தது. ஆகவே பிரெட்ரிக் விதிமுறையைப் பின்பற்றவில்லை.’

"இது சரியாக்கா?" என்றான் தம்பி.

ஆண்டுதோறும் முதல் வகுப்பில் கத்தரின் பலகையில் எழுதும் அதே வடிவம்.

"வடிவம் சரிதான்டா. ஆனா..."

"அப்போ நான் பொய் சொல்றேனா? வால்வை மூடிட்டுத்தான் குழாய்ல கை வச்சேன்!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் இருந்ததை அவன் கேட்கவேயில்லை.

(கண்ணிழந்த தம்பியிடம் ஓர் அக்கா இப்படியா பேசுவார்? இந்த இடத்தைப் பலமுறை அடித்துத் திருத்தினேன். சரியானதைச் சரி என்று சொல்லாமலிருக்க அவருக்கு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.)

3

வேலைநீக்கத்தை எதிர்த்த மேல்முறையீட்டுக் கூட்டத்துக்குத் தம்பியோடு கத்தரினும் போனார். அங்கே நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளர் குணாளன் சிரித்த முகமாகக் கேட்டார். "புரொபசர், நீங்க லாஜிக் சொல்லிக்குடுக்கறவங்க. இந்த வாதத்துல தப்பு இருக்கா?"

"வடிவத்துல தப்பில்ல. முதல் வாக்கியத்துலதான் தப்பு. விதிமுறைப்படி நடந்தா விபத்தே வராதுன்னு யாரு நிரூபிச்சா? மூடின வால்வு கசியுதான்னு ஒருத்தராவது கழற்றிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் லா." குறிப்பெடுக்கும் பெண்ணிடம் திரும்பினார். "வாதத்தில் தவறில்லைன்னு பேராசிரியரே உறுதிப்படுத்தினார். எழுதிக்கம்மா."

கத்தரினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்நாள் உழைப்பின் அடித்தளத்திலேயே முரண்பாடு இருக்கிறது என்று கடிதம் வந்தபோது, அச்சிலிருந்த தன் நூலின் பின்னிணைப்பிலேயே அதை ஒப்புக்கொண்ட ஒரு தர்க்கவாதியைப் பற்றி கத்தரின் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். இங்கே ஒரு வால்வைக் கழற்றக்கூட ஆளில்லை!

"நான் சொன்னத முழுசா எழுதுங்க. அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

"டைம் இல்ல, புரொபசர். அடுத்த மீட்டிங் இருக்கு."

வாசலோரம் நின்றிருந்த பிரெட்ரிக் நாற்காலி ஒன்றை இழுத்து அக்கா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "எங்க அக்கா சொன்னத முழுசா எழுதுங்க," என்றான்.

4

வால்வைக் கழற்றினார்கள், கசிந்தது, குணாளன் தலைகுனிந்தார் —

(ஒரே வரியில் முடித்துவிடலாம். நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். மாட்டேன். கழற்ற வேண்டியவர்கள் கழற்றாததை நான் தாளில் கழற்றி அவர்களைக் காப்பாற்றுவதா?)

முடிவு என்னிடமில்லை. இதுவரை நடந்தது இவ்வளவுதான்: அக்காவும் தம்பியும் எழுந்திருக்கவில்லை. குறிப்பெடுத்த பெண் பேனாவை வைத்துவிட்டு, "சார், முழுசாவே எழுதட்டா?" என்று கேட்டாள். குணாளன் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தப் பேனாவை இப்போது நீங்கள் எடுங்கள்.