நாற்பது பதில்கள்

எங்கள் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்குப் பொறுப்பு யார் என்று ஒரு பேச்சு வந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற என் தலையில் கட்டினார்கள். "சாகிரா டீச்சர் வீட்டுக்காரர் துபாயில்ல இருக்காரு, அவங்களுக்குத் தெரியாததா?" என்றார் ஹெச்.எம். காசிநாதன் சார். என் வீட்டுக்காரர் தாஜுதீன் துபாயில் மளிகைக் கடையில் அரிசி மூட்டை பிரிக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அது சார் காதில் ஏறவில்லை.

ஒன்றிலிருந்து எட்டு வரை உள்ள பள்ளி. ஐந்தாம் வகுப்பு என்னுடையது. கம்ப்யூட்டர் பீரியட் வாரத்தில் இரண்டு. முதல் வாரமே சார் என்னைக் கூப்பிட்டு, "எல்லாப் பிள்ளையும் மௌஸைத் தொட்டா கெட்டுப்போயிடும் டீச்சர். வூட்ல சுத்தமா இருக்கற பிள்ளைங்க நாலு பேர் அழுத்தட்டும், மத்ததுங்க பார்த்துக்கிட்டா போதும்" என்றார். சுத்தம் என்று அவர் எந்தத் தெருவைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தூசு, ரிப்பேர், ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று எனக்கு நானே நாலு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. மேலத்தெருப் பிள்ளைகள் நாற்காலியில் உட்காருவார்கள். காலனித் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். திரையில் கேள்வி வரும். பதில் தெரிந்தவர் சொல்ல வேண்டும், உட்கார்ந்திருப்பவர் அழுத்த வேண்டும். பதில் சொல்வது பெரும்பாலும் தமிழ்மொழிதான். சிமெண்ட் லாரியில் லோடு ஏற்றும் மாயவனின் மகள். கேள்வியை முழுசாகப் படிப்பதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் வந்துவிடும். முன்னால் இருக்கும் பிள்ளை அழுத்தும், கம்ப்யூட்டர் டிங் என்று பாராட்டும், எல்லாரும் அந்தப் பிள்ளைக்குக் கை தட்டுவோம். நானும்தான் தட்டினேன்.

2006 ஜனவரியில் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். திருச்சியில் அவர்களுக்கு விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. பன்னிரண்டாவது வரை படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் இலவசம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டரிலேயே பரீட்சை வைத்து எடுத்துக்கொள்வார்களாம். நாற்பது கேள்வி, கேள்விக்கு ஒரு நிமிஷம். நாலு பதிலில் சரியானதை மௌஸால் அழுத்த வேண்டும், நிமிஷம் முடிந்தால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். இதைப் பெற்றோரைக் கூட்டிப் புரியவைப்பதும் என் வேலையாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டேன். கண் கெட்டுப்போகுமா என்று ஒருவர் கேட்டார். கரண்ட் போனால் மார்க் போய்விடுமா என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். மாயவன் கடைசி பெஞ்சில் உட்காராமல் சுவர் ஓரம் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பொன்னாயி.

"டீச்சர், எந் தங்கச்சி ஒண்ணு திருப்பூர்ல இருக்கு. பனியன் கம்பெனி. கைக்குழந்தையப் பார்த்துக்க ஆளில்ல, பாப்பாவ அனுப்புன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். இவ அழுவுறா" என்று பொன்னாயியைக் காட்டினார். "இந்தப் பரிச்சையில பாஸ் பண்ணிச்சுன்னா படிக்கட்டும். ஆனா ஒண்ணு. பேப்பர்ல எழுதுனா, திருத்துறவரு பேரைப் பார்ப்பாரு, ஊரைப் பார்ப்பாரு, அப்புறம் போடுவாரு மார்க்கு. எனக்கே எட்டாங் கிளாஸ்ல அப்படித்தான் பண்ணாங்க. இதுல எப்படி?"

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அன்று நான் பேசியதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். "மாயவன், இது மனுசன் இல்லை. இதுக்கு முகம் தெரியாது, தெரு தெரியாது. தெரிஞ்ச பிள்ளைக்கு மார்க், தெரியாத பிள்ளைக்கு இல்லை. அவ்வளவுதான். தராசுல நிறுத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

"பழகிக் குடுத்திருக்கீங்களா டீச்சர்?" என்று பொன்னாயி கேட்டாள்.

"இந்த வருஷம் பூரா வாரம் ரெண்டு பீரியட் நடக்குதே" என்றேன். பொய் இல்லை. பீரியட் நடந்தது உண்மைதான். மாயவன் தலையை ஆட்டினார், முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நன்றாகப் புரியவைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிப்ரவரியில் பரீட்சை. மூன்று மூன்று பேராக உள்ளே விட்டார்கள். அறக்கட்டளை அனுப்பிய இளைஞர் மட்டும் அறையில் இருந்தார், ஆசிரியர்களுக்கு அனுமதி இல்லை. தமிழ்மொழி முடித்து வெளியே வந்ததும், "எப்படிம்மா?" என்றேன். "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் டீச்சர்" என்று சிரித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மார்ச் மாதம் மார்க் வந்தது. மேலத்தெருவில் நாலு பேர் முப்பதுக்கு மேல். காலனித் தெருவில் ஆறு, ஒன்பது, ஏழு, எட்டு. தமிழ்மொழிக்கு நேராகப் பூஜ்யம். பலகையில் ஒட்டிய அரைமணி நேரத்தில் பள்ளிக்கூடம் பூராவும் "முட்டை, முட்டை" என்று கத்தியது.

மறுநாள் காலை மாயவன் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். அவர் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். பரிச்சைன்னு உங்களையும் அலைய வுட்டுட்டோம்" என்றார். "ஆளு திருத்தியிருந்தா நான் கேட்டிருப்பேன். கம்ப்யூட்டர்ல என்னத்தக் கேக்கறது? அதுக்குத் தெருவும் தெரியாது ஒண்ணும் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப எம் பொண்ணு மண்டையிலதான் ஒண்ணுமில்ல. ராத்திரி ரெண்டு அடி வச்சேன், பொய் சொல்லிக்கிட்டே இருந்தாளேன்னு. முழுப் பரிச்ச முடியட்டும், லீவு வுட்டதும் திருப்பூருக்கு அனுப்பிடறேன்."

அவர் போனதும் தமிழ்மொழியைத் தனியாகக் கூப்பிட்டேன். கன்னம் வீங்கியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் என்ன செய்தாய், ஒன்று விடாமல் சொல் என்றேன்.

"கையக் கட்டிக்கிட்டு உக்காந்தேன் டீச்சர். கேள்வி வந்துச்சு. பதில் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"கம்ப்யூட்டர்கிட்டதான். யாராச்சும் அழுத்துவாங்கன்னு பார்த்தேன். யாரும் வரல. அந்த சார்கிட்ட, சார் அழுத்துங்கன்னு சொன்னேன். பேசக் கூடாதுன்னுட்டாரு. அப்புறம் மெதுவா சொன்னேன். அதுவா மாறிக்கிட்டே இருந்துச்சு. அதான் எடுத்துக்கிச்சுன்னு நெனச்சேன்."

"நீயே அழுத்தியிருக்கலாமே, கண்ணு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் எதுவும் இல்லை. "நாங்க தொடக் கூடாதுல்ல டீச்சர்" என்றாள்.

நாற்பது பதில். நாற்பதையும் காற்றில் சொல்லியிருக்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்காத மற்ற நாலு பேரும் தைரியமாக எதையோ அழுத்தி ஆறும் ஒன்பதும் வாங்கிவிட்டார்கள். நான் வளர்த்துவிட்ட ஒழுக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் முட்டை வாங்கினாள். என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். நல்லவர்களாகத்தான் பேசினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியிலிருந்து காரணத்தோடு கடிதம் வந்தால் அந்தப் பிள்ளைக்கு மறுபடி பரீட்சை வைப்பதாகச் சொன்னார்கள். பரபரவென்று காசிநாதன் சாரிடம் ஓடினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காரணம்னு என்ன எழுதுவீங்க?"

"மாணவிக்கு மௌஸ் பிடிக்கப் பயிற்சி கொடுக்கலைன்னு சார்."

"யாருக்கெல்லாம் குடுக்கலைன்னு கேப்பாங்க. லிஸ்ட் எடுத்தா அஞ்சும் ஒரே தெருவா இருக்கும். அப்புறம் பேப்பர்காரன் வருவான், கேசு வரும். கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு நான் இல்ல டீச்சர், ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்துதான் இருக்கு." குரலை இறக்கினார். "லப்பைக்குடிக்காட்டுப் பக்கமா டிரான்ஸ்பர் கேட்டிருக்கீங்க. நல்லபடியா எழுதி அனுப்பியிருக்கேன். பார்த்துக்கங்க."

அன்று சாயங்காலமே காலனித் தெருவுக்குப் போனேன். மாயவன் லோடுக்குப் போயிருந்தார். பொன்னாயி மட்டும் பருத்தி எடுத்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் ஈர முகத்தைத் துடைக்காமலே கேட்டாள்.

"அப்ப ஒரு வருசமா எம் பொண்ணு நின்னுக்கிட்டேதான் படிச்சிச்சா?"

"ஆமாம்."

"பழகிக் குடுத்தீங்களான்னு கேட்டேனே டீச்சர்."

அவள் திட்டியிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம், கூட்டியிருந்தால் ஒருவேளை எனக்கும் வேறு வழி இல்லாமல் போயிருக்கும். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தக் கடுதாசிய மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. அவரு வந்தா நான் சொல்லிக்கறேன்" என்றாள். உள்ளே போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுத உட்காரவும் செய்தேன். புதன்கிழமை மூன்று வரி எழுதினேன். வியாழக்கிழமை துபாயிலிருந்து போன். "உனக்கெதுக்கு இந்த வம்பு? ரெண்டு பஸ் மாறிப் போயி வர்றே, டிரான்ஸ்பர் கிடைக்கற நேரம்" என்றார் தாஜுதீன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் சொல்வதற்கு முன்பே நான் பேனாவை மூடிவிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்வது காதில் விழுந்தது. நான் தலைவலி என்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு பொன்னாயி பள்ளிப் பக்கம் வரவில்லை. கேட்டு வந்திருந்தால் தபாலில் அனுப்பிவிட்டேன் என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். அதைக்கூட அவள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் முதல் வாரம், மகளைக் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்க வந்தாள். காசிநாதன் சார் மீட்டிங்குக்குப் பெரம்பலூர் போயிருந்தார், கையெழுத்தை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டுத்தான் போனார். நிரப்ப வேண்டியது நான். பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் மளமளவென்று எழுதினேன். பள்ளியை விட்டு நீங்கக் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. அந்த இடத்தில் எல்லா ஆசிரியர்களும் எழுதுகிற இரண்டு வார்த்தையை எழுதினேன்.

பொன்னாயிக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கி மகளிடம் கொடுத்தாள். "என்ன போட்டிருக்கு பாரு."

தமிழ்மொழி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு திக்காமல், தெளிவாக, வகுப்பில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள்.

"பள்ளியை விட்டு நீங்கக் காரணம், பெற்றோர் விருப்பம்."

பொன்னாயி என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கட்டை விரலை நீட்டினாள். ஸ்டாம்ப் பேடை நான்தான் திறந்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.