ஐந்து நிமிடம் என்று காட்டிய மழை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. அத்தானிடமிருந்து சுட்டது. அவர் என் அக்காவிடமிருந்து சுட்டார். விமானத்தை ஓட்டியது அக்கா. அத்தான் பக்கத்து இருக்கையில் பிஸ்கட் கொறித்துக்கொண்டிருந்தவர். அவர் வாயால் கேட்டால், இறக்கையைத் தோளில் சுமந்து வந்ததே அவர்தான் என்று தோன்றும்.

2

முதல் தொடக்கம்: "வானம் கறுத்துக்கொண்டு வர..."

வேண்டாம். எல்லாக் கதையிலும் வானம் கறுக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "நான்கே பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானத்தில் அவளுடைய விரல்கள் நடுங்கி..."

நடுங்கவில்லையாம். போன் போட்டுக் கேட்டேன். "நடுங்கினா எப்படிடா ஓட்டறது? ஒழுங்கா எழுது" என்றாள் அக்கா.

3

சரி, நடந்ததையே சொல்கிறேன். இரண்டரை மணி நேரப் பயணம். பாதி வழியில் எதிரே மழை. அத்தான் மடியில் இருந்த டேப்லெட்டில் மழைப் படம் தெரிகிறது: லேசான மழை பச்சை, கனமழை மஞ்சள், கிட்டவே போகக்கூடாதது சிவப்பு. இரண்டு சிவப்புத் திட்டுகள், நடுவில் ஒரு சந்து. ஓரத்தில் "5 நிமிடம்" என்று போட்டிருக்கிறது.

"அதோ வழி இருக்குல்ல, நேரா விடு. சுத்திப் போனா ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் அத்தான்.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு தேவை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து நிமிடம் படத்தின் வயது, மழையின் வயது இல்லை. தரையில் உள்ள ரேடார்கள் பார்த்ததையெல்லாம் ஓரிடத்தில் ஒட்டி மேலே அனுப்புகிறார்கள். ஒட்டி முடித்து ஐந்து நிமிடம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மழை பதினைந்து, இருபது நிமிடத்துக்கு முந்தையதாக இருக்கலாம். அதற்குள் சந்து மூடிப்போயிருக்கலாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அக்கா விமானப் பயிற்சி ஆசிரியை. பன்னிரண்டு வருடமாக இதைத்தான் மாணவர்கள் மண்டையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.)

அந்த அக்கா, சந்துக்குள் விட்டாள்.

4

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அக்கா, பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகு கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பவள். அவளா இப்படி? நேரிலேயே கேட்டேன்.

"திரும்பிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஒரே சாம்பல். படம் மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. தெளிவா தெரிஞ்சதை நம்பிட்டேன்."

சொல்லும்போது சட்டையில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. உடனே அதைக் குறித்தும் வைத்துக்கொண்டேன், எழுதுகிறவன் புத்தி.

5

உள்ளே நடந்ததற்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) அத்தான் சொல்வது: ஏழே நிமிடம், ஜம்மென்று மறுபக்கம்.

ஆ) அக்கா சொல்வது: சந்தே இல்லை. விமானம் அறுநூறு அடி பொத்தென்று இறங்கியது. அத்தானின் தலை கூரையில் இடித்தது, பிஸ்கட் பறந்தது. வெளியே வந்தது முழுக்க அதிர்ஷ்டம்.

இ) எனக்குப் பிடித்தது: ஒரு மின்னல், அந்த வெளிச்சத்தில் இருவரும் தங்கள் இருபது வருடத் தாம்பத்தியத்தை...

(இ)யைப் பற்றிப் பேச வேண்டாம்.

6

போன வாரம் வரை இது வெறும் வீட்டுச் சண்டை. பிறகு பல் டாக்டர் வந்தார். அக்காவின் மாணவர், ஐம்பது வயது, வரும் சனிக்கிழமை முதன்முதலாகத் தனியாக வெகுதூரம் பறக்கப்போகிறவர். பயிற்சிக்கூடத்துக் காபி மெஷின் பக்கத்தில் அத்தான் அவிழ்த்துவிட்ட (அ)வைக் கேட்டிருக்கிறார். மறுநாளே அதே மாதிரி ஒரு டேப்லெட் வாங்கிவிட்டார்.

"மேடம், நீங்களே சந்துல போனீங்களாமே. அப்ப போகலாம்தானே?"

அக்கா அன்று நேராக என் வீட்டுக்கு வந்தாள். இந்தக் கதையை வாங்கி நின்றுகொண்டே படித்தாள்.

"இதை அவருக்குக் குடுக்கப்போறேன். என் தப்பையெல்லாம் அப்படியே வை. முடிவை மட்டும் எடுத்துடு."

"ஏன்? (ஆ) பயங்கரமாத்தானே இருக்கு?"

"அதுலயும் நான் உயிரோட வந்துடறேன்டா. படிச்சா அவருக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்."

எழுத வந்த பதினெட்டு வருடத்தில் என் முடிவை இவ்வளவு சரியாக யாரும் திட்டியதில்லை.

7

ஆகவே ஐந்தாம் பகுதியை நீக்கிவிட்டேன். நீங்கள் படித்துத் தொலைத்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஒன்றாம் பகுதியும் போயிற்று, அதில் அத்தான் உயிரோடு வாயடிக்கிறார். இரண்டாம், நான்காம் பகுதிகளில் அக்கா உயிரோடு வந்து பதில் சொல்கிறாள், அவற்றையும் எடுத்தாயிற்று. (கதையை டாக்டர் கையில் கொடுக்கப்போவதே அக்காதான் என்பது எனக்கும் தெரியும். அதற்கு நான் என்ன செய்வது?)

பல் டாக்டரின் பிரதி இப்படி நின்றுபோகிறது: எதிரே சாம்பல். மடியில் இரண்டு சிவப்பு, நடுவில் சந்து, "5 நிமிடம்". திரும்பிப் போகவும் சுற்றிப் போகவும் போதுமான எரிபொருள் இருக்கிறது. பக்கத்து இருக்கை காலி, ஓட்டுவது அவர்தான். அதற்குக் கீழே கால் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்து என்ன செய்வார் என்று அதில் அவர் எழுதித் தராவிட்டால் சனிக்கிழமை விமானச் சாவி கிடையாது என்று சொல்லிவிட்டாள் அக்கா.

உங்களுக்கும் அதே கால் பக்கம்தான். சீக்கிரம் எழுதுங்கள். ஓரமாக நிறுத்திவிட்டு யோசிக்க விமானம் ஒன்றும் கார் இல்லை.