சட்டத்துக்குள் ஒரு பிக்னிக் கம்பளி

எங்கள் பிள்ளைகள் மன்றத்தின் வரலாற்றைப் போதகர் சொல்லக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா கதையில் ஒரு தேவதூதர் கூடிக்கொண்டே போகிறார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் கட்டம்போட்ட கம்பளியைக் காட்டி, சமோவாவிலிருந்து கப்பலேறி வந்த புனிதப் பாய் என்கிறார். பாயாவது, கப்பலாவது! ஹாலம் கிழவர் பிக்னிக் போக வாங்கிய கம்பளி அது.

எழுபதுகளில் ஆக்லாந்தின் பான்சன்பி தெருக்களில் சமோவாவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்கெல்லாம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஹாலம் என்ற வெள்ளைக்காரர், தன் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையின் சாவியை என்னிடம் கொடுத்தார். மன்றம் அப்படித்தான் தொடங்கியது. தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் குடில் பக்கம் மட்டும் யாரும் போகக்கூடாது என்றார்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குடில் நொறுங்கிக் கிடந்தது.

"உன் பசங்கதான். வெள்ளிக்கிழமை சாவிய கொண்டாந்து குடுத்துடு" என்றார் ஹாலம்.

பிள்ளைகளை உட்கார வைத்து விசாரித்தேன். தெருவில் எது உடைந்தாலும் முதலில் மாட்டுகிறவன் சேமிசி. அவனே என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்: "சத்தியமா இல்லக்கா. நாங்க உடைச்சிருந்தா இன்னிக்கு மன்றத்துக்கு வந்திருப்போமா?"

நியாயமான கேள்வி, நம்பினேன். மறுநாள் ஹாலமிடம் பேசிப் பார்க்கலாம் என்று போனால், எங்கள் பெரியவர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத் தலைவர் லெயோதாவும் பிள்ளைகளின் அப்பாக்கள் மூன்று பேரும் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு ஹாலம் வாசலில் உட்கார்ந்து, தலைக்கு மேல் விலையுயர்ந்த பாயைப் போர்த்தியிருந்தார்கள். எங்கள் வழக்கம் அது. தவறு செய்தவர்களின் ஆட்கள் இப்படித் தலைகுனிந்து உட்கார வேண்டும். பாதிக்கப்பட்டவர் வந்து பாயை விலக்கினால் மன்னித்ததாக அர்த்தம்.

"மாமா, யாரக் கேட்டு இங்க வந்து உக்காந்தீங்க? பசங்க உடைக்கவே இல்ல!"

"அதெல்லாம் அப்புறம். நம்ம பேரு கெட்டுச்சா இல்லியா?" பாய்க்குள்ளிருந்து லெயோதாவின் குரல்.

"இப்ப நீங்கதான் கெடுக்குறீங்க!"

"கத்தாத லோசா. மன்னிப்பு கேட்டுட்டு இருக்கோம்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஹாலம் குடையோடு வெளியே வந்தார். நான் வழக்கத்தை விளக்கினேன், வேறென்ன செய்ய?

"அப்ப உடைச்சத ஒத்துக்கிறாங்க" என்றார். பாயைத் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

நாள் முழுக்க நனைந்தார்கள். அடுத்த ஷிப்டுக்கு நேரமானதும் எழுந்தார்கள். மன்னிப்புக் கிடைக்காமல் எழுந்திருப்பதைவிட அவமானம் எங்களுக்கு வேறில்லை. லெயோதா யார் முகத்தையும் பார்க்காமல் ஈரப்பாயை மடித்தார். ஹாலம் மேல் எவ்வளவு கோபமோ அதே அளவு எனக்கு லெயோதா மேலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை, கொட்டும் மழையில், சாவியைக் கொடுக்கப் போனேன். கொட்டகை வாசலில் கட்டம்போட்ட கம்பளி ஒன்று உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"லோசாவா?" என்றது கம்பளி. "என் தங்கச்சி பையன் டிரெய்லர பின்னால எடுக்கறப்ப குடில்ல இடிச்சிருக்கான். நேத்துதான் சொன்னான். எவ்வளவு நேரம் இப்படி உக்காரணும்?"

"அவங்கள எவ்வளவு நேரம் உக்கார வச்சீங்களோ அவ்வளவு நேரம்!"

மனசாரத்தான் சொன்னேன். ஆனால் விலக்கும் உரிமை என்னுடையதல்ல. சேமிசி ஓடிப்போய் லெயோதாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தான். அவர் தெருமுனையிலிருந்தே கம்பளியைப் பார்த்துவிட்டார். செருப்பில்லாத காலோடு வேகமாக வந்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் அதை விலக்கி, ஹாலமைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

சாவியை நீட்டினேன். ஹாலம் வேண்டாமென்று தலையாட்டி, என் விரல்களை அதன்மேல் மூடிவிட்டார்.

எனக்கு ஆறவில்லை. "மாமா, இன்னும் கொஞ்ச நேரம் ஊற விட்டிருக்கலாம்ல?"

லெயோதா கம்பளியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "உள்ள உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்."