மஞ்சள் மூன்று

சிவப்பு வண்டியை ஜாக்கி இடுப்புயரத்துக்குத் தூக்கியிருந்தது. முன்சக்கரத்தின் ஐந்து நட்டுகளையும் ஏர் கன்னால் கழற்றித் தட்டில் போட்டான் மூணு. சக்கரத்தை உருவி எடுக்கும்போது வலது தோளில் ஏதோ சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பாரத்தை இடது தொடைக்கு மாற்றி, தரையில் இறக்கினான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மூச்சை விட்டான்.

டயர் கடையில் அவனுக்குப் பெயரே மூணுதான். டயர் மாட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. மாட்டி முடித்ததும் டயரின் உள்பக்கத்தில், மஞ்சள் மெழுகுக் கட்டியால் அந்த எண்ணை எழுத வேண்டும். காற்று இறங்கினாலும் சக்கரம் உதறினாலும் வண்டி திரும்பி வரும். யார் வேலை என்று முதலாளி யாரையும் கேட்க மாட்டார். குனிந்து பார்ப்பார், எண் இருக்கும். ஒன்றும் இரண்டும் வேலையை விட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. மூணு மட்டும் பதினேழு வருடமாக மூணாகவே இருந்தான்.

பட்டறைக்கு முன்னால் கண்ணாடி அறை. அங்கே ஏசி ஓடும், வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து டயரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவரின் நாற்காலி பத்து நாளாகக் காலியாகக் கிடந்தது. அதில் இருந்த பெரியவர் மகள் வீட்டோடு போய்விட்டார். "வர்றவங்க யார் பேச்சக் கேட்டு டயர் எடுக்குறாங்களோ, அவன்தான் அதுல உக்காருவான்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மூணுவுக்கு ஏசியின் மேல் ஆசையில்லை. இன்னும் ஒரு வருடம் பாரம் தூக்கினால் இந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாற்காலிக்குப் போட்டி ஒரே ஆள்தான். அஞ்சாம் நம்பர். மூணுவின் பெண்டாட்டியின் தம்பி. மூன்று வருடம் முன்பு, "நம்ம வீட்டுப் பையன் மாதிரி சார், நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொல்லிக் கூட்டி வந்தவன் மூணுதான். மச்சினன் வயதில் இரண்டே வருடம் இளையவன். வாய் மட்டும் இருபது வருடம் மூத்தது.

சிவப்பு வண்டிக்காரர் பல் டாக்டர். பட்டறைக்குள்ளேயே வந்து, கால்சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் சக்கரத்தின் அருகில் குந்தினார்.

"ரேஸ் ட்ராக்ல நாலு சுத்து ஓட்டுனதும் வழுக்க ஆரம்பிக்குதுங்க. வளைவுல என்னைத் தூக்கி வெளிய போடப் பாக்குது. இன்னும் நல்லா பிடிக்கிற டயர் வேணும்."

மூணு பழைய டயரின் வெளி ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினான். போகும்போது வழவழப்பு, திரும்பும்போது ரம்பம். டாக்டரின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்துத் தடவிக் காட்டினான். அந்தக் கை குழந்தையின் கன்னம் போல் இருந்தது.

"ரோட்ல எத்தன நாள் சார் ஓட்டுறீங்க?"

"தினமும். கிளினிக்குக்கு இதுலதான் போறேன். ட்ராக்குக்கு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை."

"அப்ப முழு ட்ராக் டயர் வேணாம் சார். அது சூடேறினாத்தான் பிடிக்கும். காலையில நீங்க வீட்ட விட்டுக் கெளம்பும்போது அது கல்லு. அதுல பள்ளமும் கம்மி. மழை பேஞ்சா தண்ணி வெளிய போக வழியில்லாம வண்டி மெதக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரகம் இருக்கு. ரோட்டுக்கும் ஆகும், மாசத்துக்கு ஒரு நாள் ட்ராக்கையும் தாங்கும்."

டாக்டர் தலையாட்டினார். மூணு அந்த ரகத்தை எடுத்துக் காட்ட எழுந்தான். அதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மச்சினன் வந்தான், கையில் டாக்டருக்கு ஒரு டீயோடு.

"மாமா சொல்றது சத்தியம் சார். எங்க மாமாவ மாதிரி டயர் தெரிஞ்ச ஆளே கெடையாது. ஆனா மாமா ஓட்டுறது என்ன வண்டின்னு பாருங்க."

சுவரோரம் மூணுவின் இரு சக்கர வண்டி நின்றது. எல்லார் கண்ணும் அதன் தேய்ந்து வழுக்கையான பின்சக்கரத்துக்குப் போயிற்று.

"டயர் கடைக்காரன் டயரும் சவரக் கடைக்காரன் தாடியும்! அதுல முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாம் சார்" என்றான் மச்சினன். பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். மூணுவும் சிரித்து வைத்தான். "அவரு நடுத்தரத்துலயே வாழ்ந்து பழகிட்டாரு. நீங்க இந்த மாதிரி வண்டிய எதுக்கு சார் வாங்குனீங்க? நடுத்தரமா ஓட்டவா?"

டாக்டர் எழுந்து அவனோடு உள்ளே போனார்.

மூணு வெளியே இருந்து பார்த்தான். கண்ணாடிக்குள் பேச்சு கேட்கவில்லை, ஆனால் கை புரிந்தது. மச்சினன் காட்சிக்கு வைத்திருந்த ட்ராக் டயரைச் சாய்த்தான். டாக்டரின் கட்டை விரலைப் பிடித்து, நகத்தை ரப்பரில் அழுத்த வைத்தான். "நகம் பதியுதா? பதிஞ்சா பிடிக்கும்" என்று உதடு அசைவதிலேயே தெரிந்தது. அது மூணுவின் வார்த்தை. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு மொட்டை மாடியில், வேலையில்லாமல் சுற்றிய மச்சினனுக்கு ஒரு பழைய டயரில் செய்து காட்டியது. விரலைப் பிடிக்கிற தினுசு கூட அப்படியே இருந்தது. சொந்த வீட்டுச் சட்டையை அடுத்தவன் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதைப் பார்ப்பது போல் மூணுவுக்கு வயிறு எரிந்தது.

டாக்டர் நகத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், மச்சினனின் தோளைத் தட்டினார். மச்சினன் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு எழுதினான்.

"மூணு! குடோன்ல அந்த ட்ராக் டயர் நாலு இருக்குல்ல, எடுத்துப் போடு" என்றார் முதலாளி. "அத வச்சுக்கிட்டு எத்தன நாளு அடைகாக்கிறது?"

குடோனின் மூலையில் நான்கும் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றாக உருட்டி வந்தான். தாளைக் கிழித்ததும் பழக்க தோஷத்தில் நகத்தை அழுத்தினான். பதியவில்லை. இன்னும் அழுத்தினான். நகம்தான் மடங்கியது. டயரைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தான். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும் நான்கு எண்கள் சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்தன. ஆறு வருடப் பழசு. மற்ற மூன்றும் அதே. வண்டியில் மாட்டிய பிறகு, குனிந்து தேடினால் தவிர அந்தப் பக்கம் யார் கண்ணுக்கும் படாது.

அவன் நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சினன் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கேயிருந்து எட்டடி. கதவைத் தள்ளி, "டாக்டர், இது வேணாம்" என்றால் முடிந்தது.

அவன் வாயாலேயே அவன் விழட்டும், என்று நினைத்தான். ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். அந்த நாற்காலியின் முன்னால் வந்துதான் சத்தம் போடுவார். யார் சொன்னது, யார் எழுதினது என்று கேட்பார்.

விறைத்துப் போன டயர் ரிம்மில் ஏற மறுத்தது. மூணு சோப்புத் தண்ணீர் தடவி, லிவரைப் போட்டு, வலிக்கிற தோளை முட்டுக் கொடுத்து ஏற்றினான். நான்கையும் மாட்டி முடிக்கக் காலை முழுதும் ஆயிற்று. கடைசியில் சட்டைப் பையிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்து, பதினேழு வருடமாகச் செய்கிறபடியே, ஒவ்வொரு டயரிலும் அந்த நான்கு எண்களுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு மூன்று போட்டான். கை தானாகப் போட்டது.

சாயங்காலம் வீட்டில் பெண்டாட்டி அவன் தோளுக்குத் தைலம் தேய்த்தாள். தையல் யூனிட்டில் நாள் முழுக்கப் பொத்தான் தைத்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

"தம்பி போன் பண்ணுச்சு. அந்த டாக்டர் அதுகிட்டயே எல்லாம் கேட்டு வாங்கினாராமே? முதலாளி கூடச் சிரிச்சுட்டுப் போனாராம்."

"ம்."

"எல்லாம் நீங்க கத்துக்குடுத்ததுதானே. அதுக்குக் கெடச்சா உங்களுக்குக் கெடச்ச மாதிரி."

"தைலத்த அதோட தோள்ல தேய். எனக்குத் தேச்ச மாதிரி."

அவள் கை நின்றது. "வயித்தெரிச்சலப் பாரு! கூடப் பொறந்தவன் மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது யாரு?"

"வாயி மட்டும் இல்லன்னா உன் தம்பிய நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

"இருக்கிற வாயால பொழைக்குது. உங்களுக்கும் ஆண்டவன் வாய் குடுத்திருக்கான். தெறந்தீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே தூறல் விழத் தொடங்கியது. தகரக் கூரையில் அது கனத்துக்கொண்டே போவதைக் கேட்டபடி இருந்தான். டாக்டர் கிளினிக்கை மூடியிருப்பாரா என்று ஒருமுறை நினைத்தான். போன் நம்பர் சீட்டில் இருக்கும். சீட்டு கடையில், மச்சினன் கைக்கு அடியில் இருக்கும்.

நான்காம் நாள் டாக்டர் வாடகை வண்டியில் வந்து இறங்கினார். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. பின்னாலேயே ஒரு லாரி சிவப்பு வண்டியைத் தூக்கி வந்தது. முன்பக்கம் ஒரு மூலை நசுங்கி, ஒரு டயர் கிழிந்து தொங்கியது.

"ட்ராக்குக்குப் போகவே இல்ல" என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. "கிளினிக்லருந்து வீட்டுக்கு. மழை. சிக்னல்ல திரும்புறேன், வண்டி திரும்பல. நேரா நடுச்சுவர்ல. மெக்கானிக் டயரக் கழட்டி உள்பக்கத்தக் காட்டினான். ஆறு வருஷம்."

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். கழற்றி வைத்த டயரைக் காலால் புரட்டினார். நான்கு எண்கள். பக்கத்தில் மஞ்சள் மூன்று. மழையில் நனைந்தும் அது கொஞ்சமும் அழியவில்லை.

"மூணு!"

மூணு லிவரைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் சார். ஆனா குடோன்லருந்து எடுக்கச் சொன்னது..."

"எடுக்கச் சொன்னா? கையில வச்சுப் பாக்குறவன் நீ. நான் குடோனுக்குள்ள போய்க் குந்திப் பாத்துட்டு இருப்பேனா? உனக்குக் கண்ணு இல்ல?" முதலாளி மச்சினன் பக்கம் திரும்பினார். "நீ என்னடா பாத்த?"

மச்சினன் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "மாமா பாத்திருப்பாருன்னு நெனச்சேன் சார். தேதி பாக்க எனக்கே அவர்தானே கத்துக்குடுத்தாரு. அவரு கை பட்டுச்சுன்னா நான் ரெண்டாந்தரம் பாக்கவே மாட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் மூணுவுக்குத் தாங்க முடியவில்லை.

டாக்டர் மூணுவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கதான வேணாம்னு சொன்னீங்க. தேதியப் பாத்தீங்களா, பாக்கலயா?"

பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை. கண் மங்கிவிட்டது, வெளிச்சம் போதவில்லை, எதையாவது சொல்லலாம்.

"பாத்தேன் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மூணு வாயைத் திறந்தான். டாக்டரின் மாவுக்கட்டுக்கு வெளியே துருத்தி நின்ற விரல்நுனிகளைப் பார்த்தான். அவை வீங்கி, தடித்து, அவனுடைய விரல்கள் மாதிரி ஆகியிருந்தன.

"கேட்டீங்களா சார்? கேட்டீங்களா?" முதலாளியின் குரலில் திடீரென்று ஒரு தெம்பு வந்தது. "பாத்துட்டே மாட்டியிருக்கான். இத்தன வருஷம் இவன நம்பிக் கடைய விட்டேனே!" டாக்டரின் நல்ல கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். "உள்ள வாங்க சார், ஏசில உக்காருங்க. நாலும் புதுசு என் செலவுல போட்டுத் தரேன். டேய், டாக்டருக்கு அந்த நடுத்தர ரகத்தக் காட்டு."

கதவு மூடிக்கொண்டது. மச்சினன் மேசைக்குப் பின்னால் போனான். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, ஏதோ எடுத்துச் சொல்லத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் அவன் கைகள் பழையபடி பேசின. டாக்டர் தலையாட்டினார்.

மூணுவை யாரும் போ என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. முதலாளி வெளியே வந்து, வேலைச் சட்டை மாட்டுகிற ஆணியைக் காட்டினார். மூணு நீலச் சட்டையைக் கழற்றினான். வலது கை சட்டையிலிருந்து வெளியே வர நேரமாயிற்று. முதுகில் 3 என்று தைத்த சட்டையை ஆணியில் மாட்டினான். அடுத்து வருகிறவனுக்கு அளவு சரியாக இருக்குமா என்று பார்ப்பது போல முதலாளி அதை ஒருமுறை இழுத்து நேராக்கினார்.

குழாயடியில் கைகழுவினான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. தன் வண்டியை வெளியே தள்ளினான். டாக்டர் போய்விட்டிருந்தார்.

குடோன் வாசலில் மச்சினன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் கிழியாத மூன்று ட்ராக் டயர்களும் கழுவி அடுக்கியிருந்தன. ஈரத்துணியால் ஒன்றின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் மூன்று பளிச்சென்று துலங்கியது. அவன் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"மாமா... இது எதுல போகும்?"

பெட்ரோல் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். மூணு வண்டியை மிதித்தான். முதல் மிதியில் கிளம்பவில்லை.

"போகலன்னா விடுடா" என்று உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "அந்தப் பக்கத்தச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வை."

மச்சினன் ஒவ்வொன்றாகத் தூக்கி அலமாரியில் ஏற்றினான். எண்ணும் தேதியும் சுவரைப் பார்த்தன. வெளிப்பக்கத்தில் கறுப்புப் பாலிஷ் பூசினான். புதுத் தாள் ஒட்டினான். மூன்றும் கடைத்தெருவைப் பார்த்துப் பளபளத்தன.