பதினாறடி மிச்சம்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. விடிந்தால் மீன்பிடிப் பருவம் தொடங்குகிறது. மின்னசோட்டாவில் அந்தச் சனிக்கிழமையில் விவரமுள்ள யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால், ஏரித்துறையில் கட்டியிருந்த சின்னப் படகுக்குள் ஹார்லன் மண்டியிட்டிருந்தார். தண்ணீருக்கடியில் மீனும் ஆழமும் காட்டும் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தார். பின்பலகையிலுள்ள சென்சாரிலிருந்து திரைவரை நாலடி போதும். கேபிள் இருபதடி. தம்பி ட்வைட்டின் பெரிய படகுக்கு அளந்து வாங்கியது. போன வருஷம் சண்டை போட்ட மறுநாள், நான் வாங்கியதுதானே என்று கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மிச்சம் பதினாறடி. இருக்கைக்கடியில் திணித்தால் காலில் மாட்டியது. இறுக்கிச் சுருட்டி, மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டினார். மோட்டார் ஓடியதும் அதன் மின்சாரம் கேபிளில் கலந்து திரை முழுக்கப் புள்ளிகள். மூன்றடித் தண்ணீரில் முந்நூறு மீன்.

துறைப்பலகையில் மனைவி ஆர்லிஸ் காபியோடு வந்து நின்றாள்.

"இவ்ளோ மீனா? அப்ப தண்ணி எங்க இருக்கு?"

"வந்த வேலையப் பாரு."

"உன் தம்பி இந்தக் கேபிள எங்க வெச்சிருந்தான்?"

ஹார்லன் கவனித்ததே இல்லை. முப்பத்தோரு வருஷமாக வயர் வேலை தம்பியுடையது. தூண்டில் இவருடையது, மீனைக் கைவலையில் ஏந்துவது அவன். போன வருஷம் வலை நழுவி ஒரு பெரிய மீன் போயிற்று. தூண்டில் கடையில் அத்தனை பேர் முன்னால், "இவன் கையில வலையக் குடுத்தேன் பாரு, என்னைத்தான் சொல்லணும்" என்றார். கடையே சிரித்தது. ட்வைட்டும் கொஞ்சம் சிரித்தான். அதற்குப் பிறகு போன் இல்லை.

வயர் வெட்டும் இடுக்கியை எடுத்து, மிச்சத்தை நீக்க கேபிளை இரண்டு இடத்தில் வெட்டினார்.

உள்ளே தலைமுடி போல வயர்கள், ஜிகினாத்தாள் சுற்றி. வெட்டக்கூடாது என்று கையேட்டில் சிவப்பில் போட்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு முனைகளையும் நிறம் பார்த்து முறுக்கி, டேப் ஒட்டினார். திரையில் புள்ளிகள் போயிருந்தன. மீனும் இல்லை. ஆழ எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு கோடுகள்.

"நாளைக்கு இது இல்லாமலே போறேன்."

"தனியாவா?"

டேப்பைப் பிரித்தார். நகத்தில் ஒட்டிக்கொண்டது. உதறினார். போகவில்லை. நிமிர்ந்தபோது ஆர்லிஸ் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"யாரு?"

அவள் போனைக் கையால் பொத்தினாள்.

"ட்வைட். கேபிள் விஷயத்தச் சொன்னேன், அவன் அதக் காதுலயே வாங்கல. நாளைக்கு வலைய யாரு பிடிப்பான்னு கேக்குறான். என்ன சொல்லட்டும், ஹார்லன்?"