செவ்வாய்க்கிழமைக்கு ஒரு தலை

1

இந்தக் கதை சலூன் நாற்காலியில், கழுத்தில் துணி கட்டியிருந்தபோது பிறந்தது. எழுதுபவன் எழுந்து ஓட முடியாத இடம் அது. ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையில் கடை வைத்திருக்கும் சந்தனமாரி, என் பிடரியில் மெஷினை வைத்துக்கொண்டே கேட்டாள்: "என்னத்தையெல்லாமோ எளுதுதீய அண்ணாச்சி. எங்க லைசென்ஸ் கூத்தை எளுதுனா என்ன?"

முதல் வரி இப்படி வந்தது: 'அறுபது வயது வானமாமலை, நடுங்கும் கைகளால் கத்தரியை எடுத்து...'

[அடித்துவிட்டேன். நடுங்கும் கையைப் பார்த்ததும் நீங்கள் கண்ணைத் துடைக்கத் தயாராகிவிடுவீர்கள். சந்தனமாரிக்கு முப்பத்தொரு வயது. கை நடுங்காது.]

2

கோவில்பட்டிக்காரி. ஆறு வருஷம் செல்போன் கம்பெனியில் லைனில் நின்றாள். கான்ட்ராக்ட் முடிந்ததும் முடிவெட்டக் கற்றுக்கொண்டு ஆண்கள் சலூன் போட்டாள். ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள்.

இப்போது புது விதி. கடை நடத்த உரிமம் வேண்டும். உரிமத்துக்குச் செய்முறைத் தேர்வு. (விதி நான் வைத்தது. அரசாணையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.) அதிகாரி முன்னால் ஒருவருக்கு முடிவெட்டிக் காட்ட வேண்டும், அந்த ஆளையும் அவளே கூட்டிவர வேண்டும். தவறினால் அடுத்த தேர்வு நான்கு மாதம் கழித்து. அதுவரை கடைக்குப் பூட்டு.

தேதி விழுந்தது செவ்வாய்க்கிழமை.

அதிகாரி நாகப்பன் கெட்டவர் இல்லை. செவ்வாய் சலூன்களுக்கு லீவு, யாருக்கும் வியாபாரம் கெடாது என்று நல்ல மனதோடுதான் அந்த நாளைப் போட்டார். சலூன்களுக்கு அன்று ஏன் லீவு என்பதை மட்டும் யோசிக்கவில்லை. செவ்வாயன்று யார் தலை கொடுப்பார்கள்?

3

கட்டட ஓனர் கன்னியப்பனைக் கேட்டாள்.

"செவ்வாக்கெயமயா? பொண்ணுக்கு நிச்சயம் வச்சிக்கினு கீறேன். வேற நாள் சொல்லும்மா, மொட்டையே போட்டுக்கிறேன்."

எப்போதும் வரும் மணிகண்டபிரபுவுக்குத் திடீரென்று ஓ.டி. முளைத்தது. ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசாப் பையன்கள்கூட "மங்கல்வார்" என்று செவ்வாயைச் சொல்லிக் காதைத் தொட்டுக்கொண்டார்கள்.

"செவ்வாக்கெளம கம்பெனியில லைன் நிக்குதா? அன்னைக்கு மட்டும் இவனுவ மண்டைக்கு என்ன வந்துச்சு?" என்று பொரிந்து தள்ளினாள்.

[இங்கே வல்லக்கோட்டை கோயிலுக்கு மொட்டை போட வந்த ஒருவரைப் பிடித்து உட்காரவைக்கும் பகுதி இருந்தது. முருகனுக்கு நேர்ந்த முடியில் கைவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீக்கிவிட்டேன்.]

கடைசியில் என்னைக் கேட்டாள். "நீங்க வாங்களேன் அண்ணாச்சி. உங்களுக்குத்தான் நாள் கிளமையில நம்பிக்கை கெடையாதே."

கிடையாதுதான். ஆனால் அந்த வாரம் என் மகளுக்குப் பரீட்சை. எதற்கு வம்பு என்று, தாம்பரத்தில் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். கூட்டம் ஒன்றும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

4

செவ்வாய், காலை பத்தரை. ஒருவருக்கு ஒரு நேரம். அது அவளுடைய நேரம். பையைத் தூக்கிக்கொண்டு தேர்வுக்குத் தனியாகப் போனாள்.

"ஆள் எங்கம்மா?" என்றார் நாகப்பன்.

"ஒருத்தரும் வரலை சார்."

"அப்போ ஆப்சென்ட் போட்டுடறேன்."

"நான் வந்திருக்கேம்லா. நாற்காலி இருக்கு, கத்தரி இருக்கு. நீங்க உக்காருங்க."

நாகப்பன் பிடரியைத் தடவினார். முடி காலரைத் தாண்டி வளர்ந்திருந்தது.

"இன்னிக்கு எப்படிம்மா... செவ்வாய்க்கிழமை ஆச்சே."

அவள் துணியை உதறி விரித்தாள். "அதையே எளுதிக் குடுங்க சார். செவ்வாக்கெளம ஆள் வராது, அதிகாரியே உக்காரலைன்னு. இல்லைன்னா உக்காருங்க. ரெண்டுல ஒண்ணு நடக்காம நான் போகமாட்டேன்."

5

முடிவு ஒன்று: அவர் எழுதிக் கையெழுத்தும் போட்டு... [அவ்வளவு லேசாகவா?]

முடிவு இரண்டு: அவர் நாற்காலியில் உட்கார, அவள்... [அவரை உட்காரவைக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் உட்காரவில்லையே.]

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். நாகப்பன் பேனா மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே இருக்கிறார். சந்தனமாரி விரித்த துணியை இறக்கவில்லை. கை நடுங்காது என்று முதலிலேயே சொன்னேன்.

நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நேரம் உட்கார்ந்துதானே படித்தீர்கள், அங்கே வந்து உட்காருங்களேன். வர முடியாமல் ஏதாவது காரணம் இருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள். அவளிடம் சொல்லுங்கள்.